போனை வைக்காத பெட்டி

எங்கள் அண்ணிக்கு ஒரு பழக்கம். வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் வாசலில் நிறுத்தி, சொல்ல வேண்டியது அத்தனையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் படியிறங்க விடுவார். "தக்காளி கெட்டியா பார்த்து வாங்குங்க. சோப்பு வாசனை இல்லாதது. வர்ற வழியில பாப்பாவோட செருப்பைத் தைக்கக் கொடுத்திருக்கு, வாங்கிட்டு வந்துடுங்க." என் அண்ணன் ஒரு காலில் ஷூவும் மற்றது வெறுங்காலுமாக நின்று தலையாட்டுவான். "இதையெல்லாம் அப்புறம் போன்ல சொல்லக் கூடாதா?" என்று முனகுவான். "நீங்க போனை எடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? படி இறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ. இப்பவே கேட்டுக்கங்க" என்பார் அண்ணி.

இதைச் சொல்கிற நான் அவருடைய நாத்தனார். நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வருகிறதே என்று யாரும் மயங்கி விழ வேண்டாம். எங்களுக்குள் சண்டையே இல்லை என்று சொல்லவில்லை. மேல் மாடியில் நான், கீழ் வீட்டில் அவர்கள். துணி காயப்போடும் கொடிக்காக மட்டும் நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

கல்யாணத்துக்கு முன்பு அண்ணி ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிற வேலையில் இருந்தார். காதில் ஹெட்போன், முன்னால் விளக்கு விளக்காக மினுக்கும் பலகை. அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்கள், கத்திக்கொண்டு கூப்பிடுகிறவர்கள் எல்லோரையும் ஒரே குரலில் சமாளிப்பாராம். பிறகு அண்ணனுக்கு ஊர் ஊராக மாற்றல், நடுவில் பாப்பா பிறந்தது, வேலை போனது போனதுதான். பாப்பா தானாகப் பள்ளிக்கூடம் போய்வரும் வயசு வந்ததும் ஒருநாள், கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்றார். "இந்த வயசுலயா?" என்று அண்ணன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "இந்த வயசுல உங்களுக்குத் தொப்பை வரலாம், எனக்குப் படிப்பு வரக் கூடாதா?" என்று கேட்டார். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

படித்து முடித்து எங்கள் ஆபீஸுக்கே வந்து சேர்ந்தார், தற்காலிகமாக. டயர் கடைக்கு மேலே இருக்கிற ஆபீஸ் எங்களுடையது. எந்நேரமும் ரப்பர் வாசனை. ஆஸ்பத்திரிகளுக்காக, நோயாளிகளைத் தானாகவே போனில் கூப்பிட்டு மாத்திரையை நினைவுபடுத்தும் ஒரு புரோகிராமைச் செய்துகொண்டிருந்தோம். அதைச் சோதித்துப் பார்த்து எங்கெங்கே தப்பு என்று சொல்வது என் வேலை. குறை சொல்வதற்குச் சம்பளம்! ஒரு நாத்தனாருக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உலகத்தில் உண்டா?

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பார்ப்போம்'. லீவு கேட்டாலும் பார்ப்போம், மின்விசிறி ஓடவில்லை என்றாலும் பார்ப்போம். அண்ணியின் வேலையை நிரந்தரமாக்குவது பற்றியும் அதையேதான் சொல்லியிருந்தார்: "மாசக் கடைசியில சொல்றேன். பார்ப்போம்." ஆபீஸில் வீட்டு உறவைக் காட்டக் கூடாது என்று அண்ணி அங்கே என்னை 'நீங்க' என்பார். பஸ் ஏறியதும் பழையபடி 'நீ' ஆகிவிடுவேன். அப்படி ஒருநாள் பஸ்ஸில் வரும்போது சொன்னார். "ஏய், இந்த வேலை மட்டும் கைவிட்டுப் போச்சுன்னா, இன்னொரு தடவை முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லடி. சத்தியமா இல்ல." கொடிக்காகச் சண்டை போடுகிற மனுஷியா இது என்று திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் அப்பா வேறு. என் அப்பா, அண்ணிக்கு மாமனார். வேலை பார்த்த காலத்தில் லிஃப்ட் மெக்கானிக். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்து, கிழமை கிழமையாகத் தடுப்பு வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் கொடுத்திருந்தது ஆஸ்பத்திரி. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் நாங்கள் புரோகிராம் செய்தோம். தினமும் காலையில் அண்ணி கிளம்பும்போது வாசலில் நின்று பாட்டாகவே பாடுவார்: "மாமா, மாத்திரை போட்டாச்சா? சும்மா ஆமான்னு சொல்லக் கூடாது. எந்திரிச்சுப் போய் டப்பாவைத் திறந்து பாருங்க. அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்." அப்பா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "போட்டாச்சும்மா, போட்டாச்சு" என்பார். நிக்கிறேன் என்று சொன்னாலும் எங்கே நிற்பது? தெருமுனையில் பஸ் வந்துவிடும். நான் கத்துவேன். அண்ணி ஓடுவார்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புரோகிராமையும் அது ஓடுவதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி மூடிவிடுவோம். கண்டெய்னர் என்று பெயர். எங்கள் வாயில் அது பெட்டி. எந்த மெஷினில் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடும். ஓட ஆரம்பித்தபின் அதனிடம் ஒன்றும் சொல்ல முடியாது. எப்படி ஓட வேண்டும் என்பதைத் தொடங்கும்போதே, கீபோர்டில் அடிக்கிற பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில் சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் இதைக் கேட்டதும் அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அடடே, உங்க அண்ணன் மாதிரி. படி இறங்கிட்டா முடிஞ்சது" என்றார்.

நாம் எதுவுமே சொல்லாவிட்டால் பெட்டி திருதிருவென்று முழிக்காது. அதைச் செய்தவர்கள் உள்ளே ஒரு சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். எங்கள் பெட்டியின் சீட்டில் இருந்தது இதுதான்: நிஜமாகக் கூப்பிடாதே, கூப்பிடுவதுபோல் பாவனை மட்டும் செய், வேகமாகப் பேசு, வழக்கமான அறிவிப்பைப் படி, பேசி முடித்ததும் ஐந்து வினாடி காத்திரு, அதற்குள் ஒன்றாம் எண்ணை அழுத்தாவிட்டால் போனை வைத்துவிடு. சோதனைக்கு இந்தச் சீட்டு போதும். நிஜமாகக் கூப்பிடும்போது ஒவ்வொன்றையும் வரியிலேயே முழுதாக எழுதுவோம். அப்போதும் அந்த ஐந்து வினாடி உண்டு.

அந்த வழக்கமான அறிவிப்பு இருக்கிறதே, அதைக் கேட்டால் உடம்பு நன்றாக இருக்கிறவர்களுக்கும் தலை சுற்றும். "மதிப்பிற்குரிய பயனாளரே, தாங்கள் தங்களது மருந்தினை உட்கொள்ள வேண்டிய நேரம் இதுவாகும்." யாரும் ஒன்றை அழுத்தவில்லை. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் வாராவாரம் போன் செய்து எங்களைக் காய்ச்சுவார். "உங்க மெஷினை நம்பி என்ன பிரயோஜனம்? பத்துல ஒருத்தர் அழுத்தினா அதிசயம்." வயசானவர்களுக்குப் பட்டனை அழுத்தத் தெரியவில்லை என்று நாங்கள் சாதித்தோம். இந்த மாசத்தோடு வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் போலிருந்தது. அவர்களே போய்விட்டால் அண்ணியின் நிரந்தரமாவது ஒன்றாவது.

"ரொம்ப வேகமா பேசுதுங்க. மெதுவா பேச வைச்சுக் கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று ஒருநாள் காலையில் அண்ணி என்னிடம் கேட்டார். கேளுங்கள் என்றேன். பெட்டியின் பெயரை அடித்தார். பக்கத்தில், மெதுவாகப் பேசு என்று சேர்த்தார். அந்தத் தலைசுற்றல் அறிவிப்பைத் திரும்பவும் கேட்கப் பிடிக்காமல், என்ன படிக்க வேண்டும் என்பதையும் வாயில் வந்தபடி அடித்தார்: "மாத்திரை போட்டாச்சா? சும்மா ஆமான்னு சொல்லக் கூடாது. எந்திரிச்சுப் போய் டப்பாவைத் திறந்து பாருங்க. இன்னைக்கு மாத்திரை உள்ள இருந்தா போடுங்க, இல்லைன்னா விடுங்க. பார்த்துட்டு வந்து ஒண்ணை அழுத்துங்க. அதுவரைக்கும் நான் போனை வைக்காம இருக்கேன்." நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். பாவனை செய் என்பதை அவர் தனியாக எழுதவில்லை. அதுதான் உள்ளே சீட்டில் இருக்கிறதே, நாம் சொல்வது அதோடு சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தார். மனுஷர்கள் அப்படித்தான். தக்காளி வாங்கக் கிளம்பியவனிடம் சோப்பும் வாங்கி வா என்றால், அவன் தக்காளியை மறந்துவிடுவதில்லை. என் அண்ணன்கூட மறக்க மாட்டான்.

பெட்டி மனுஷன் இல்லை. நாம் ஒரு சொல் சொன்னால்கூட, உள்ளே இருக்கும் சீட்டை அது முழுசாகத் தூக்கிப் போட்டுவிடும். நாம் சொன்னது மட்டும்தான் அப்புறம் அதற்கு வேதம்.

சோதனையின்போது திரையில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பாவனை என்று வரும். அன்று அது வரவில்லை. அழைப்பு போகிறது, எடுத்துவிட்டார்கள், பேசுகிறது என்று வரிகள் கடகடவென்று இறங்கின. அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

"இது... இது நிஜமா போகுது" என்றார்.

"ஐயையோ! நிறுத்துங்க அண்ணி!" ஆபீஸ் என்பதையே மறந்துவிட்டேன். பாவனை செய் என்று சொல்லாவிட்டால் நிஜமாகவே கூப்பிடுவது அந்தப் பெட்டியின் சுபாவம். சின்ன ஆபீஸ், சோதனைக்கும் நிஜத்துக்கும் ஒரே மெஷின், ஒரே பட்டியல். அந்த ஆஸ்பத்திரியின் ரத்த அழுத்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் போன் போய்விட்டது.

அண்ணியின் விரல் நிறுத்தும் பட்டன்மேல் இருந்தது. அழுத்தவில்லை. திரையையே பார்த்தார். "இனிமே புதுசா யாருக்கும் போகாதில்ல? எல்லாருக்கும் போயாச்சில்ல?"

"போயாச்சு! அதான் சொல்றேன், நிறுத்துங்க!"

"எல்லாரும் லைன்ல இருக்காங்க. டப்பாவைத் தேடி எந்திரிச்சுப் போயிருப்பாங்க. திரும்பி வந்து போனை எடுத்தா கொய்ங்னு சத்தம் வரணுமா? வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேனே." பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டார். எடுத்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தலைமை நர்ஸிடம் நடந்ததை அப்படியே சொன்னார். பிறகு எழுந்துபோய் மேனேஜரிடமும் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தப்பு செய்தவர்கள் மூடி மறைக்கப் பார்ப்பார்கள், இவர் ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடிக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

மேனேஜர் வந்து திரையைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. "யாரைக் கேட்டுப் பண்ணீங்க? முதல்ல அதை நிறுத்துங்க" என்றார்.

"சார், தப்பு என்னுதுதான். என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா இன்னும் கொஞ்சம் பேர் வரலை. வந்ததும் அதுவே நின்னுடும்."

அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். காத்திருக்கிறது என்று நின்ற வரிகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தன. ஒன்று அழுத்தப்பட்டது. ஒன்று அழுத்தப்பட்டது. இங்கே ஒன்று, அங்கே இரண்டு, அப்புறம் சடசடவென்று. சில பேர் வைத்துவிட்டார்கள்தான். ஆனால் இத்தனை ஒன்றுகளை அந்தத் திரையில் நாங்கள் பார்த்ததே இல்லை. டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார். கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் மாறாமல் நின்றது. பெயர் தெரியாது, வெறும் எண்தான். "விழுந்து கிழுந்து வைச்சாங்களோ" என்று யாரோ சொல்ல, அண்ணி, "வாயை மூடுங்க" என்று அதட்டினார். டீ ஆறிப்போன பிறகு அந்த வரியும் மாறியது. அண்ணி நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் மேனேஜர்.

நானும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்பா கூடத்தின் நடுவில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிழமைத் தடுப்புகள் எல்லாவற்றிலும் மாத்திரை அப்படியே இருந்தது, ஒன்றைத் தவிர.

"ஏம்மா, காலையில ஒரு போன் வந்துச்சு. குரல் உன்னுது இல்ல. ஆனா பேச்சு உன் பேச்சு" என்றார்.

அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"போட்டாச்சுன்னேன். பதில் இல்ல. போட்டாச்சும்மான்னு திரும்பவும் சொன்னேன். அப்பவும் பதில் இல்ல, ஆனா வைக்கவும் இல்ல. சரிதான் போன்னு வைச்சிருக்கலாம், கை வரலை. டப்பாவை எங்க போட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. பழைய ஸ்பானர் பெட்டிக்குப் பின்னாடி கிடந்துச்சு, வீட்டையே புரட்டித் தேடினேன். எப்படியும் வைச்சிருக்கும்னு வந்து காதுல வைச்சுப் பார்த்தா, அப்படியே காத்துக்கிட்டு இருக்கு. எனக்கு வெக்கமாப் போச்சும்மா. உன்கிட்ட எத்தனை நாளா பொய் சொல்லியிருக்கேன்."

அந்தக் கடைசி வரி எங்கள் அப்பா. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. வரவில்லை என்றால் நான் என்ன மனுஷி?

மறுநாள் தலைமை நர்ஸ் நேரிலேயே வந்துவிட்டார். குட்டையான உருவம், கணீரென்ற குரல். "இதை எழுதினது யாரு?" என்றார். அண்ணி எழுந்து நின்றார். "மாத்திரை போடுங்கன்னு மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, ஏற்கனவே போட்டவங்க இன்னொண்ணைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க. நான் உங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். உள்ள இருந்தா போடுங்க, இல்லைன்னா விடுங்கன்னு எழுதியிருக்கீங்க. அதனால தப்பிச்சீங்க." திட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, இப்ப சொல்லுங்க. நேத்து அத்தனை பேரும் எப்படி அழுத்தினாங்க? போன் மேல போன், அந்தப் பொண்ணு நாளைக்கும் கூப்பிடுமான்னு கேக்கிறாங்க."

"அவங்க பேச்சு நல்லாயிருக்கு, அதனால" என்றார் மேனேஜர்.

"பேச்சு மட்டும் இல்ல சார்" என்றேன். குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பாயிற்றே, ராத்திரியெல்லாம் அதுதான் மண்டையைக் குடைந்தது. சீட்டைத் தூக்கிப் போட்டபோது பாவனை மட்டுமா போனது? அந்த ஐந்து வினாடியும் கூடவே போய்விட்டது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று யாருமே சொல்லாததால், பெட்டி பாட்டுக்குக் காத்திருந்தது. நாங்கள் சோதித்தபோதெல்லாம் போன் கையில், விரல் பட்டன்மேல். ஐந்து வினாடி எங்களுக்குத் தாராளம். முட்டி வலியோடு எழுந்து, டப்பாவைத் தேடி, கண்ணாடி போட்டுப் பார்த்து, திரும்பி வருகிறவருக்கு? அவர்களுக்கு அழுத்தத் தெரியாமல் இல்லை. அவர்கள் வருவதற்குள் நாங்கள் போனை வைத்துவிடுவோம்.

நர்ஸ் மேனேஜரைப் பார்த்தார். "இந்தம்மா இருந்தா நாங்க தொடர்றோம்" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் தாடையைத் தடவினார். நான் மனசுக்குள், ஐயா, அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க என்று வேண்டிக்கொண்டேன். "மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே நிரந்தரம். ஆனா அந்தப் பெட்டியை முதல்ல சரி பண்ணுங்க" என்றார். அண்ணி, "பண்றேன் சார்" என்றார். பஸ்ஸில் என் கையைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை.

பெட்டியைப் புதிதாகக் கட்டினோம். இப்போது பாவனை சீட்டில் இல்லை, பெட்டியின் சுபாவத்திலேயே இருக்கிறது. நிஜமாகக் கூப்பிட வேண்டும் என்றால் அதை வாய் திறந்து சொன்னால்தான் கூப்பிடும். சோதனைக்குத் தனிப் பட்டியலும் வந்துவிட்டது. வரியை அடித்து முடித்ததும், தட்டிவிடுவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம். மேனேஜரே படிக்கிறார். காத்திருப்புக்கு மட்டும் அண்ணி எந்த எல்லையும் வைக்க விடவில்லை.

போன வாரம் காலையில் வழக்கம்போல் கீழ் வீட்டு வாசலில் அண்ணிக்காகக் காத்து நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே பாடினார். "மாமா, பால் பாத்திரத்தை மூடி வைச்சிருக்கேன். பாப்பா சாவி கேட்டா ஆணியில இருக்கு. பிளம்பர் வந்தா குழாயைக் காட்டுங்க." சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தார்.

"ஏம்மா, ஒண்ணை விட்டுட்டியே" என்றார் அப்பா.

"எது மாமா?"

"மாத்திரை போட்டாச்சான்னு கேக்கலையே."

"அதான் இப்ப போன் வருமே மாமா."

"அது வரட்டும். நீ கேளு."

தெருமுனையில் பஸ் திரும்புவது தெரிந்தது. அண்ணி அதையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். "மாத்திரை போட்டாச்சா மாமா?"

"இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார்.

அண்ணி தோள் பையை இறக்கி வாசலில் வைத்தார். "போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார். பஸ் வந்தது, நின்றது, போனது. அன்று நான் கத்தவில்லை.